ஒரு பில், ஒரு சிலிண்டர், ஒரு பெட்ரோல் டேங்க்: வீட்டிலும் கடையிலும் கார்பனைக் குறைப்பது எப்படி

கார்பனை, அதாவது பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடை, குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற பலர் முதல் வேலையாக மஞ்சப்பை வாங்குகிறார்கள், செல்போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கிறார்கள், ஹால் லைட்டை அணைக்காத பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் கிலோ கணக்கில் எங்கே போகிறது என்று தெரியாமல் கிராம் கணக்கில் மிச்சம் பிடித்தால் ரெண்டே மாதத்தில் சலிப்பு வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டிலும் கீழே அண்ணன் நடத்தும் மளிகைக் கடையிலும் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது ஈரோட்டில். வெயில், புழுக்கம், ரெண்டு மாதத்துக்கு ஒரு கரண்ட் பில் என்று தமிழ்நாட்டு ஊர் எல்லாவற்றுக்கும் பொதுவான நிலைமைதான், அதனால் பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து மூன்றே மூன்று எண்களை எழுதுங்கள். ரெண்டு மாத பில்லில் எத்தனை யூனிட், அதே ரெண்டு மாதத்தில் எத்தனை சிலிண்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல் அல்லது டீசல். அப்புறம் இந்தப் பெருக்கல்: கரண்ட் 1 யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (நம் நாட்டில் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்து வருவதால் இந்த அளவு). 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒன்றுக்கு சுமார் 42 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ.

எங்கள் வீட்டுக் கணக்கு ஆரம்பத்தில் இப்படி இருந்தது. 420 யூனிட், அதாவது 294 கிலோ. ஒன்றரை சிலிண்டர், 63 கிலோ. வண்டிக்கு 20 லிட்டர் பெட்ரோல், 46 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 400 கிலோ, அதில் முக்கால் பங்கு கரண்ட். இதைப் பார்த்த பிறகு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் குழப்பமே வரவில்லை. உங்கள் வீட்டில் தினமும் 40 கிலோமீட்டர் காரில் போகிறவர் இருந்தால் கணக்கு வேறு மாதிரி வரும், அப்போது நீங்கள் வண்டியில் இருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் மின் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள், எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட, ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பை 60 ஆல் பெருக்கி, 3200 ஆல் வகுத்து, 1000 ஆல் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். பழைய சீலிங் ஃபேனைப் போட்டால் நிமிடத்துக்கு 4 துடிப்பு வரும், அது 75 வாட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு துடிக்கிறதா? எங்கேயோ ஏதோ இழுக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடிப் பிடியுங்கள். மாடியில் மறந்துபோன பழைய ஃப்ரிட்ஜ், மோட்டார் ரூமில் எரியும் பல்பு என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஃபேன்: கண்ணுக்கு முன்னால் சுற்றும் கரண்ட் பில்

வாட் பெரிதாக இருப்பதைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், மணிநேரத்தைப் பார்ப்பதில்லை. மிக்ஸி 750 வாட் இழுக்கும், ஆனால் நாளுக்கு ஐந்து நிமிடம்தான் ஓடும். ஃபேன் 75 வாட்தான், எங்கள் ஹாலில் அது நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிறது. 75 வாட், 16 மணி, 60 நாள் என்று பெருக்கினால் ஒரே ஃபேனுக்கு 72 யூனிட். ரெண்டு படுக்கையறை ஃபேன்கள் ராத்திரி 9 மணி நேரம் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 40 யூனிட். மூன்றும் சேர்ந்து 150 யூனிட்டுக்கு மேல், எங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது!

குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் அதே காற்றுக்கு முழு வேகத்தில் 30 வாட் பக்கம்தான் எடுக்கும். மூன்றையும் மாற்றியதில் ரெண்டு மாதத்துக்கு 90 யூனிட் அளவுக்குக் குறைந்தது, 60 கிலோவுக்கு மேல் கார்பன். ஒரு ஃபேன் மூவாயிரம் ரூபாய்ப் பக்கம் ஆகிறது. காசு மொத்தமாக இல்லையென்றால் அதிக நேரம் ஓடுகிற ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள், அதன் மிச்சத்தில் அடுத்ததை வாங்கலாம். விருந்தினர் அறை ஃபேனை மாற்றாதீர்கள், வருஷத்துக்குப் பத்து நாள் ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதில் லாபமே இல்லை.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக சுவிட்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும். ரிமோட் எங்கள் வீட்டில் பாட்டிக்குச் சிரமமாக இருந்ததால் அவர் அறைக்குச் சுவரில் பொருத்தும் கட்டுப்பாட்டோடு வரும் மாடலை வாங்கினோம்.

விளக்குகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சோக்கோடு சேர்த்து 55 வாட் இழுக்கும் பழைய ட்யூப்லைட் இன்னும் இருந்தால் 20 வாட் எல்இடிக்கு மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஏசி: கரண்டை விட காஸ் பெரிய ஆபத்து

ஏசியை 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் 6 சதவீதம் அளவுக்கு மிச்சமாகும், 26 வைத்து மேலே ஃபேனையும் மெதுவாகப் போட்டால் தூக்கம் கெடாது. வெயில் காலத்தில் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்து மாட்டுங்கள். சரி, இதெல்லாம் தெரிந்த கதை. நான் அழுத்திச் சொல்ல வருவது உள்ளே இருக்கும் காஸைப் பற்றி.

ஏசி குழாய்க்குள் ஓடும் காஸ் காற்றில் கலந்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல நூறு மடங்கு, சில வகைகள் ஆயிரம் மடங்குக்கு மேல், வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆர் 22 என்ற பழைய காஸ் 1 கிலோ கசிந்தால் அது சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர் 410ஏ இன்னும் மோசம், 2,100 கிலோ அளவு. இப்போது பரவலாக வரும் ஆர் 32 என்றால் 675 கிலோ. ஆர் 290 என்பது புரொப்பேன், அதன் பாதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு ஒன்றரை டன் ஏசிக்குள் ஏறக்குறைய 1 கிலோ காஸ் இருக்கும். ஆர் 410ஏ இருக்கும் ஏசி ஒன்று முழுவதுமாகக் கசிந்தால், எங்கள் வீட்டில் கரண்ட், சமையல் காஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் பத்து மாதத்தில் வருகிற கார்பன் ஒரே அடியில் போய்விடுகிறது. இது தெரிந்த நாளில் எனக்கு மனசே ஆறவில்லை, ஏனென்றால் அதற்கு முன் மூன்று வருஷமாக ஒவ்வொரு சித்திரையிலும் ‘காஸ் குறைஞ்சிருச்சு சார்’ என்று ஒருவர் வந்து ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார், நாங்களும் காசைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஏசி காஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எனவே மெக்கானிக் ‘டாப் அப்’ என்று சொன்னால் ஏற்ற விடாதீர்கள், முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றி அழுத்தத்தில் வைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை. எங்கள் வீட்டில் அது வெளி யூனிட்டில் இருந்த ஒரு சின்ன நட்டில் இருந்தது. அங்கே குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டினார்கள், அதற்குப் பிறகு வருஷா வருஷம் காஸ் ஏற்றும் வேலையே இல்லை. அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் குழாயைக் காலி செய்துதான் காஸ் ஏற்ற வேண்டும், எடை மெஷினில் வைத்து ஏற்ற வேண்டும். கொஞ்சம் காஸை விட்டுக் குழாயில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிற குறுக்கு வழியை அனுமதிக்காதீர்கள்.

வீடு மாறும்போதும் இதே கவனம் வேண்டும். கழற்றுவதற்கு முன் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். ஏசியை ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடினால் காஸ் எல்லாம் வெளி யூனிட்டுக்குள் வந்து சேரும், அப்புறம் பெரிய குழாயின் வால்வையும் மூடிவிட்டு நிறுத்தலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் குழாயை அறுத்தால் உஸ்ஸென்று போவது அத்தனையும் நேராக வானத்துக்கு. புதிதாக ஏசி வாங்குபவர்கள் நட்சத்திரத்தைப் பார்ப்பதோடு காஸின் பெயரையும் கேளுங்கள். ஆர் 290, ஆர் 32 ரெண்டுமே தீப்பிடிக்கக் கூடியவை என்பதால் பழகிய மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும்.

ஏசி வாங்குவதைத் தள்ளிப்போட ஒரு வழி இருக்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதை நம் தலைக்கு மேலே விடுகிறது. மாசி முடிவதற்குள் தளத்தைக் கூட்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி வடிகட்டி, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, ரெண்டு கோட் அடித்துவிடுங்கள். காலைப் பொழுதிலேயே முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் காய்ந்து பொறுக்காகிவிடும். மழைக்குக் கரையும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அடித்த மறுநாள் மத்தியானம் உள்ளே சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், கையே வித்தியாசத்தைச் சொல்லும்.

சமையல்: இண்டக்‌ஷனுக்கு மாறலாமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் பலருக்குப் பிடிக்காது. கரண்ட் முழுவதையும் மின்வாரியத்திடமிருந்து வாங்குகிற வீடு என்றால், கார்பனைக் குறைப்பதற்காக மட்டும் காஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாற வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1 கிலோ எல்பிஜி எரிந்தால் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதில் இருக்கும் வெப்பத்தில் மூன்றில் ரெண்டு பங்கு பாத்திரத்தில் இறங்கும், அது எட்டரை யூனிட் கரண்டுக்குச் சமம். இதே எட்டரை யூனிட் சூட்டை இண்டக்‌ஷனில் எடுக்க, அதன் இழப்பையும் சேர்த்தால் 10 யூனிட் ஆகும், 7 கிலோ கார்பன். இன்றைய நிலவரத்தில் காஸ்தான் பாதிக்கும் கீழே. உங்கள் மாடியில் சோலார் இருந்து, மத்தியானச் சமையல் பகலில் நடக்கிறது என்றால் கதை தலைகீழ், அப்போது தாராளமாக இண்டக்‌ஷனில் சமையுங்கள்.

காஸில் சமைப்பவர்கள் செய்ய வேண்டியது சிலிண்டரை நீட்டிப்பது. எங்கள் வீட்டில் 40 நாள் வந்த சிலிண்டர் இப்போது 50 நாள் தாண்டுகிறது. அரிசியைக் கழுவி அரை மணி ஊற வைப்பது, துவரம்பருப்பையும் அப்படியே. கொண்டைக்கடலையை மறந்துபோய் ஊறவைக்காமல் எட்டு விசில் விடுவதைவிட அன்றைக்கு வேறு குழம்பு வைத்துவிடலாம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்தால் போதும், உள்ளே சூடு ஒன்றுதான், முழுத் தீ வைப்பதால் நீராவி வெளியே போவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் நாக்கு நீட்டினால் அது சமையலறையைச் சூடாக்குகிறது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பழைய வீடுகளில் பார்த்த தெர்மல் குக்கர் ஞாபகம் இருக்கிறதா? அரிசி ஒரு கொதி வந்ததும் மூடிய பெட்டிக்குள் வைத்தால் தானாக வெந்துவிடும். அம்மா அதைப் பரணில் இருந்து இறக்கித் தந்தார், வாரத்தில் நாலு நாள் சாதம் அதில்தான்.

எப்போது ஓட்டுகிறோம் என்பதும் கணக்கு

தமிழ்நாட்டில் பகலில் சோலார் கரண்ட் நிறைய வருகிறது, கமுதியில் மட்டும் 648 மெகாவாட் பூங்கா ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளும் சேர்ந்துகொள்ளும். சூரியன் சாய்ந்ததும், வீடுகளில் எல்லாம் லைட்டும் டிவியும் ஏசியும் ஓடத் தொடங்கும் நேரத்தில், மேட்டூர், தூத்துக்குடி, வட சென்னை அனல் நிலையங்களும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்தான் பாரத்தைச் சுமக்கின்றன. ஆகவே வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் இந்த நாலையும் காலை 10 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற வீடுகளில் இது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் முடியும், பரவாயில்லை, முடிந்த அளவு. மோட்டாருக்கு டேங்க் நிறைந்ததும் நிற்கிற கட்டுப்பாடு போட்டுவிட்டால் வழிந்தோடும் தண்ணீரோடு கரண்டும் ஓடாது.

மாடியில் சோலார் போடுவது பற்றி. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் அறிவித்தார்கள். இந்தப் பணம் வேலை முடிந்து சோதனையும் முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் முதலில் முழுத் தொகைக்கும் வழி பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். விற்பனைக்கு வருபவர் பெரும்பாலும் 3 கிலோவாட் போடச் சொல்வார், அது ரெண்டு மாதத்துக்கு 720 யூனிட். எங்களுக்கு ஃபேன் மாற்றிய பிறகு 330 யூனிட்தான் தேவை, அதற்கு 2 கிலோவாட்டே போதும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் செலவைக் குறையுங்கள், அப்புறம் அளவெடுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க மாடியில் குறித்துப் பாருங்கள், ஒரு பேனல் மேல் விழும் நிழல் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றையும் இழுத்துவிடும்.

கடைக்காரர்களுக்கு

கடைகளில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒரே பொருள் நாள் முழுக்க ஓடும். அண்ணன் கடையில் அது கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ், ரெண்டு இருந்தது. குளிர்பானம் போடுகிறவர்கள் சும்மா வைத்துவிட்டுப் போவார்கள், கரண்ட் நம்முடையது. ஒன்று வாசலில் மேற்கு வெயில் விழுகிற இடத்தில் நின்றது. அதை உள்ளே நகர்த்தி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பின்னால் இருக்கும் கம்பி வலையில் அரிசித் தவிடும் தூசியும் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், சுலபமாக வந்துவிட்டால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது.

பெரிய மிச்சம் வந்தது டைமரில். வெறும் சோடா, ஜூஸ் பாட்டில் மட்டும் இருக்கும் ஃப்ரிட்ஜை ராத்திரி 10 மணிக்கு நிறுத்தி விடிகாலை 5 மணிக்குப் போடும்படி ஒரு டைமர் மாட்டினோம். கடை திறக்கும்போது குளிர்ந்திருக்கும். பால், தயிர், மாவுப் பாக்கெட், இறைச்சி இருக்கும் ஃப்ரிட்ஜில் இதைச் செய்யவே கூடாது, கெட்டுப்போகும், யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அதனால் பால் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதற்கு டைமர் போட்டோம். ஐஸ்க்ரீம் பெட்டி வைத்திருப்பவர்கள் உள்ளே பனி விரல் தடிமனுக்கு ஏறும்வரை விடாதீர்கள், அந்தப் பனியே கம்பளி மாதிரிக் குளிரைத் தடுக்கும்.

டீக்கடையில் கரண்ட் சின்னது, காஸ் பெரிது. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று 57 கிலோ கார்பன். நாலு நாளுக்கு ஒன்று தீர்கிற கடை என்றால் மாதத்துக்கு 400 கிலோவைத் தாண்டும், எங்கள் வீட்டின் ரெண்டு மாதத்துக்குச் சமம். தெருவோரக் கடையில் காற்று தீயை அலைக்கழிக்கிறது, அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து அடியில் காற்று போக வழி விட்டாலே வித்தியாசம் தெரியும். பாய்லருக்கு மூடி கட்டாயம். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் கூட்டம் இல்லாத நேரத்தில் வடைச் சட்டியின் அடியில் தீ எரிந்துகொண்டே இருப்பதை நான் நிறைய கடைகளில் பார்க்கிறேன். அணைத்துவிட்டு ஆள் வரும்போது பற்றவைக்கலாம், எண்ணெயும் சீக்கிரம் கறுக்காது.

இஸ்திரி வண்டி வைத்திருப்பவர்களில் கரியில் இருந்து காஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறியவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள், சாம்பல் பறக்காது, புகை நெஞ்சுக்குள் போகாது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். தெருமுனைத் தொழில் ஒன்றைப் பார்த்துப் பள்ளி வயதில் அப்படி யோசித்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எங்கள் பக்கம் தறி, லேத், பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ் என்று கம்ப்ரஸர் இல்லாத தெரு கிடையாது. அங்கே கரண்டைத் தின்பது காற்றுக் கசிவு. ஒரு மதிய இடைவேளையில் எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது அழுத்தம் ஏறி அது நிற்க வேண்டும், அப்புறம் நின்றே இருக்க வேண்டும். மறுபடி மறுபடி ஓடுகிறது என்றால் கசிவு. எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது என்று குறியுங்கள். ஓடிய நேரத்தை ரெண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் பங்கு. 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நின்றால், நீங்கள் காசு கொடுத்து அடைக்கும் காற்றில் கால்வாசிக்குச் சமமானது ஓட்டை வழியாகப் போகிறது. சோப்புத் தண்ணீரோடு ஓஸ் இணைப்புகளைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்தில் பாதியைப் பிடித்துவிடலாம், ஒரு கிளிப், ஒரு டேப், அவ்வளவுதான் செலவு. அழுத்தத்தையும் பாருங்கள். 6 பார் போதும் என்கிற வேலைக்கு 8 பார் வைத்திருப்பார்கள். 1 பார் குறைத்தால் 6, 7 சதவீதம் கரண்ட் குறையும். மாவு மில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ரெண்டு மூன்று தடவை சுருள் கட்டிய மோட்டார் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திறனை இழந்திருக்கும், அடுத்த முறை எரிந்தால் மறுபடி கட்டக் கொடுப்பதற்கு முன் குறைந்த கரண்டில் ஓடும் ஐஇ3 தரப் புது மோட்டார் விலையை விசாரித்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் தேவைக்கு மேல் பெரியதாக வாங்கியிருந்தால் கவனியுங்கள். நன்றாக ஓடும் செட் 1 லிட்டர் டீசலில் 3 யூனிட் சொச்சம் தரும், பெரிய செட்டில் ரெண்டு லைட், ஒரு ஃபேன் மட்டும் ஓட்டினால் அதுகூட வராது. சின்னக் கடைக்கு இன்வெர்ட்டர் போதும்.

வண்டியும் குப்பையும்

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 4.6 கிலோ கார்பன் விடுகிறது. மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 3 யூனிட் பக்கம் எடுக்கும், நிலக்கரிக் கரண்டிலேயே சார்ஜ் செய்தாலும் 2.1 கிலோ. பாதிக்கும் கீழே. ஓடுகிற வண்டியை விற்றுவிட்டு வாங்கச் சொல்லவில்லை, அடுத்து மாற்றும் நேரம் வரும்போது யோசியுங்கள். எங்கள் வீட்டில் பெட்ரோல் குறைந்தது வேறு வழியில்: சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு மனைவி வேலைக்கு அதில் போக ஆரம்பித்தாள், வண்டி வாரத்தில் ரெண்டு நாள்தான் வெளியே எடுக்கிறோம். கடைக்கு மொத்தச் சரக்கு எடுக்க அண்ணன் வாரம் மூன்று தடவை லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே நடை.

கடைசியாகச் சமையலறைக் கழிவு. காய்த்தோல், சாதம், இலை எல்லாம் குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது, நூறு வருஷக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூட்டைப் பிடிக்கும். வீட்டில் காற்றோட்டமாக மக்கவைத்தால் அது பெரும்பாலும் வராது. பழைய பெயிண்ட் டப்பா போதும், அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, கீழே தேங்காய் நார்க் கழிவு ஒரு அடுக்கு. தினமும் ஒரு கை காய்க்கழிவுக்கு ரெண்டு கை சருகு அல்லது நார்க் கழிவு. முதல் வாரம் ஒரு கரண்டி புளித்த மோர் தெளியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். எண்ணெய்ப் பதார்த்தமும் மீன் முள்ளும் போடாதீர்கள், எலி வரும். டப்பா நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த டப்பாவைத் தொடங்குங்கள். ரெண்டு மாதத்தில் மழை மண் வாசனையோடு கறுப்பாக உதிரும், சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து கீரை விதைக்கலாம்.